குறைந்த செலவில் கட்டும் ரேஸ் காரில் ஓட்டுநர் சீட்டை எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது?

ரேஸ் சீட் என்பது பின்னால் சாய்க்க முடியாத, ஒரே ஓடாகச் செய்த பக்கெட் சீட். மோதலில் உடம்பு அசையாமல் இருந்தால்தான் பெல்ட் பிடிக்கும். அதனால் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் அளவே சரி. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

பழைய சீட் என்றால் எஃப்ஐஏ (உலக கார் பந்தய விதிகளை வகுக்கும் அமைப்பு) ஸ்டிக்கரில் தேதியைப் பாருங்கள். 8855-1999 என்ற எஃப்ஐஏ சீட் தரத்துக்கு ஆயுள், தயாரித்த தேதியிலிருந்து 5 ஆண்டு. விபத்தில் அடிபட்ட ஃபைபர் சீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், விரிசல் உள்ளே ஒளிந்திருக்கும்.

அப்புறம் பொருத்துவது. இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்கவே கூடாது. கார் தரையின் தகடு மெல்லியது. வெறும் வாஷர் போட்டால் மோதலில் போல்ட் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மெல்லிய துணியில் பொத்தான் தைக்கும்போது பின்னால் ஒரு துண்டுத் துணி வைப்போமே, அதே வேலையைத்தான் போல்ட்டுக்கு அடியில் வைக்கும் அடித்தகடு செய்கிறது. எஃப்ஐஏ விதிப்படி குறைந்தது 4 இடங்களில் 8 மி.மீ. போல்ட், ஒவ்வொன்றுக்கும் அடியில் 3 மி.மீ. எஃகுத் தகடு, 40 சதுர செ.மீ. பரப்பில்.

நல்ல பெல்ட் இருந்தால் சீட் எப்படியிருந்தாலும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சீட் நகர்ந்தால் அந்த பெல்ட்டே தளர்ந்துவிடும்.