நாற்பது மென்பொருள் வேண்டாம், நாலு போதும்

கேள்வி: நிரல் எழுதும் வேலைக்காகப் புதிதாக விண்டோஸ் லேப்டாப் வாங்கியிருக்கிறேன். பைத்தான் ஓரளவு தெரியும், இணையதள வேலையும் பழகப் போகிறேன். நண்பர் ஒருவர் நாற்பது மென்பொருள்கள் அடங்கிய தொகுப்பைப் பென்டிரைவில் கொடுத்து, "எல்லாவற்றையும் போட்டுவிடு, பின்னால் தேட வேண்டாம்" என்கிறார். சில கட்டண மென்பொருள்களும் ஏற்கெனவே ஆக்டிவேட் செய்யப்பட்டு அதில் இருக்கின்றன. எதையெல்லாம் நிறுவலாம்? ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: அந்தப் பென்டிரைவிலிருந்து ஒன்றைக்கூட நிறுவாதீர்கள். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு அதைக் கொடுத்தவர் யார், அவருக்கும் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்காது.

முதல் நாளில் உங்களுக்கு வேண்டியது நாலுதான். நிரல் எழுத விஎஸ் கோட் என்ற எடிட்டர். செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட். அப்புறம் பைத்தான். நான்காவதாக, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்க ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர். பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்சி இரண்டில் எது என்றாலும் சரி. இணையதள வேலை தொடங்கும்போது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கணினியில் ஓட்டும் நோட் ஜேஎஸ் சேர்த்துக்கொள்ளலாம். அதில் எல்டிஎஸ் (நீண்ட காலம் அப்டேட் வரும் பதிப்பு) என்று குறித்திருப்பதைத்தான் எடுக்க வேண்டும். எந்த எடிட்டர் உசத்தி என்று ஊரெல்லாம் நடக்கும் சண்டையில் நுழையாதீர்கள். பிடிக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளுங்கள், குடி முழுகாது. தேவை வருவதற்கு முன்பே நிறுவியவை அப்டேட் ஆகாமல் கிடந்து, பிறகு யாராவது நுழைய ஓட்டையாகின்றன.

எதை நிறுவுவது என்பது இவ்வளவு சுலபம். எங்கிருந்து நிறுவுவது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மென்பொருளின் பெயரைத் தேடினால் பட்டியலின் உச்சியில் வருவது பல நேரம் விளம்பரம். சர்வரோடு இணைய உதவும் புட்டி, வின்எஸ்சிபி போன்ற கருவிகளின் பெயரில் போலித் தளம் போட்டு, தேடல் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்த சம்பவங்கள் பலமுறை வெளிவந்திருக்கின்றன. காசை வாங்கிக்கொண்டு போலியை அசலுக்கு மேலே உட்கார வைத்த தேடுபொறியை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஏமாந்தவரைப் பார்த்துத்தான் "முகவரியைக் கவனித்திருக்கக் கூடாதா" என்கிறார்கள்.

அடுத்தது டவுன்லோட் தளங்கள். பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான்கள் நாலைந்து மின்னும், அசல் இணைப்பு மட்டும் சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். பேர் பெற்ற இடம் என்று நம்பவும் முடியாது. திறமூல மென்பொருள்களுக்கு, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றலாம்படி வெளியிடுபவற்றுக்கு, புகழ்பெற்றிருந்த சோர்ஸ்ஃபோர்ஜே இன்ஸ்டாலரோடு வேண்டாத சரக்கைச் சேர்த்துக் கட்டியது. 2015-ல் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பில் அது வெளிப்பட்டுப் பெரிய சர்ச்சையானது. 2016-ல் தளம் கை மாறிய பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது.

நிரல் எழுதுபவர் ஏமாந்தால் நஷ்டம் அவரோடு நிற்காது. அதே 2015-ல் சீனாவில், ஐபோன் செயலிகளை உருவாக்க உதவும் ஆப்பிளின் எக்ஸ்கோடை அதிகாரபூர்வ இடத்திலிருந்து இறக்க அதிக நேரம் ஆகிறது என்று பல நிரலாளர்கள் உள்ளூர் கோப்புப் பகிர்வுத் தளங்களிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பிரதியில் யாரோ கை வைத்திருந்தார்கள். அதில் உருவான ஒவ்வொரு செயலிக்குள்ளும் தீநிரல் (கெடுதல் செய்யும் நிரல்) தானாகவே போய் உட்கார்ந்தது. சீனாவில் பிரபலமான அரட்டைச் செயலி வீசாட்டின் ஒரு பதிப்பும் இதில் சிக்கியது. எழுதியவர்கள் எந்தத் தப்பும் எழுதவில்லை. அவர்கள் பயன்படுத்திய கருவிதான் திருட்டுத்தனமாகச் சேர்த்தது. எக்ஸ்கோட் கோஸ்ட் என்று தேடிப் படித்துப் பாருங்கள். ஆக்டிவேட் செய்து தரப்படும் மென்பொருளும் இந்த ரகம்தான். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், சர்வருக்குள் நுழையும் சாவிகளையும் அள்ளிக்கொண்டு போக அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

சரி, வழி என்ன? விண்டோஸ் 11-ல் விங்கெட் என்ற கருவி கூடவே வருகிறது. டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து விங்கெட்டுக்கு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், பெரும்பாலும் தயாரித்தவரின் தளத்திலிருந்தே இறக்கி, கோப்பு வழியில் மாறவில்லை என்று சரிபார்த்து நிறுவிவிடும். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யலாம். மேக்கில் இந்த வேலைக்கு ஹோம்ப்ரூ, உபுண்டு லினக்ஸில் ஏபிடி. விங்கெட்டில் ஒரே பெயரில் இரண்டு மூன்று வந்தால், தயாரித்தவர் பெயரைப் பார்த்து எடுங்கள். பைத்தானை அதன் தளத்திலிருந்து நேரடியாக இறக்குவதாக இருந்தால், முதல் திரையின் அடியில் 'பாத்' (டெர்மினல் பைத்தானைக் கண்டுபிடிக்க உதவும் அமைப்பு) பற்றிய ஒரு கட்டம் இருந்தால், அதை டிக் செய்ய மறக்காதீர்கள். விஎஸ் கோடில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களிலும் கஞ்சமாக இருங்கள். உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவற்றாலும் செய்ய முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். இலவசம் என்றால் எல்லோருக்கும் இலவசம் என்று அர்த்தமில்லை. டாக்கர் டெஸ்க்டாப் என்று ஒன்று உண்டு, நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி. வீட்டில் படிக்கும் உங்களுக்கு அது இலவசம். அதே லேப்டாப்பில் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தினால், அந்த நிறுவனத்தில் 250 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானமும் 1 கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஐம்பது பேர் மட்டும் உள்ள நிறுவனம், ஆனால் வருமானம் கொழிக்கிறது என்றால் கட்டணம் உண்டு. கணினி யாருடையது என்பது கணக்கில்லை, வேலை யாருடையது என்பதே கணக்கு. 2021 ஆகஸ்டுக்கு முன் இந்த விதி கிடையாது, அதனால் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வாதாட வேண்டாம். லினக்ஸில் டாக்கர் எஞ்சினை மட்டும் தனியாக நிறுவினால் இந்தக் கட்டணப் பேச்சே வராது, அது திறமூலம். பைத்தானோடு பல துணை நிரல்களைச் சேர்த்துத் தரும் அனகோண்டாவிலும் இதே போல 200 பேர் என்ற வரம்பு இருக்கிறது. ஒரு மென்பொருளை யார் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதை ஒரே வரியில் எழுத இவர்களுக்கு ஏன் மனசு வரவில்லை என்று தெரியவில்லை. வேலையில் சேர்ந்ததும் அலுவலக ஐடி ஆட்களிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, ஆன்டிவைரஸ். வாங்க வேண்டாம், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறாவும் வேண்டாம். 2017-ல் சிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே தீநிரல் புகுந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பல புது லேப்டாப்களில் ஒரு ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பை ஏற்கெனவே ஏற்றித்தான் விற்பார்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், சோதனைப் பதிப்போ கெடு முடிந்ததும் பணம் கேட்டு நச்சரிக்கும். முதல் வேலையாக அதை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள்.