கண்ணகி நகர் மாலை மையம்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில், வளரிளம் பருவத்தினருக்கான ஒரு மாலை நேர மையத்தில் 18 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இத்தகைய மையங்களைத் தொடங்க விரும்புவோரும், ஏற்கெனவே நடத்தித் தடுமாறுவோரும், பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்): எங்கள் பகுதியில் ஒரு மையம் தொடங்க எண்ணுகிறோம். முதலில் கட்டடத்துக்கு நிதி திரட்டுவதா, பாடத்திட்டத்தை வகுப்பதா?

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள், ஐயா. நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்குத் தவறாமல் வந்து கதவைத் திறக்கக்கூடிய ஒருவரை முதலில் தேடுங்கள். நாங்கள் தொடங்கியபோது எங்களிடம் இருந்தவை தரைத்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, ஒரு குழல் விளக்கு, ஒரு பாய், இரண்டாம் கையாக வாங்கிய கேரம் பலகை ஆகியவைதான். முதல் மூன்று மாதங்கள் யாருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. பையன்கள் வந்து, பலகையில் மாவைத் தூவி, சிவப்புக் காயைப் போட்டவன் அதற்குத் துணைக்காயையும் போட்டானா இல்லையா என்று வழக்காடிவிட்டுப் போவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து அவர்களுடைய பெயர்களையும், எந்தப் பிளாக், எந்தப் பள்ளி, நேற்று வந்தவன் இன்று ஏன் வரவில்லை என்பனவற்றையும் மனத்தில் பதித்துக்கொள்வேன். நான்காம் மாதத்தில் ஒருவன் தானாகவே கணக்கு நோட்டை எடுத்து வந்தான். பூட்டிய கதவின் முன் இரண்டு நாள் நின்று திரும்பிய பிள்ளை மூன்றாம் நாள் வருவதில்லை. பெரிய கட்டடத்தில் ஆடம்பரமாகத் தொடங்கி, ஆறு மாதத்தில் ஊழியர் மூன்று முறை மாறியதால் வெறுமையாகிப்போன மையங்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (சமூகப்பணி மாணவி, திருச்சி): இதற்கும் இலவச டியூஷனுக்கும் என்ன வேறுபாடு, அக்கா?

பதில்: கண்ணகி நகரின் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. அந்த வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பழைய தெருவில் பிள்ளையைக் கண்டித்த பெட்டிக்கடைப் பாட்டி ஓரிடத்துக்கும், வேலைக்கு அழைத்துச் சென்ற மாமா வேறோரிடத்துக்கும் போய்விட்டனர். பல பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவே பள்ளியை இழந்தனர். தாயும் தந்தையும் வேலைக்காகத் தொலைவிலுள்ள பழைய பகுதிகளுக்கே பேருந்தில் போய் இரவு திரும்பினர். பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வரும்வரை உள்ள அந்த நான்கு மணி நேரத்தில் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மையம் இருக்கிறது. பாடம் அதில் ஒரு பகுதி. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மாலையில் கற்பித்தது மிக நல்ல பணி. என் கவலையெல்லாம் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களைப் பற்றியது.

கேள்வி (ஒரு தாய், எண்ணூர்): என் மகன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். இப்போது சமையல் குத்தகைக்காரருடன் பரிமாறும் வேலைக்குப் போகிறான். கையில் காசு பார்த்தவன் திரும்பப் படிப்பானா?

பதில்: படிப்பான், அம்மா. எங்களிடம் அப்படிப் படித்தவர்கள் பலர் உண்டு. அவனுடைய சம்பாத்தியத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அந்தப் பணத்தை வீட்டில் கொடுக்கும்போது அவனுக்கு உண்டாகும் பெருமை உண்மையானது. முகூர்த்தம் இல்லாத நாள்களில் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. பேச்சைத் தொடங்க அதுவே உகந்த காலம். தவறிய பாடங்களை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுத வேண்டும் என்று பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். தேர்வே வேண்டாம் என்று அடம்பிடித்தால், எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு ஐ.டி.ஐ.யில் சேரக்கூடிய வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு உண்டு: சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்கும். வாய்ப்பு வந்த பிறகும் ஒரு காகிதம் இல்லாததால் நின்றுபோனவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் அது.

கேள்வி (தன்னார்வலர், புளியந்தோப்பு): பதின்மூன்று வயதானதும் பெண் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுகிறார்களே?

பதில்: நாங்களும் இதை நீண்ட காலம் பெற்றோரின் கட்டுப்பாடு என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் காதருகே வந்து, "அக்கா, பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல" என்றாள். இரும்புக்கடையில் தாழ்ப்பாள் வாங்கி அன்றே பொருத்தினோம். குப்பைக்கூடை ஒன்றும் நாப்கின் வைக்க ஓர் அலமாரியும் சேர்த்தோம். வாரத்தில் மூன்று மாலைகளைப் பெண்களுக்கு மட்டும் என ஒதுக்கி, எட்டு மணிக்கு மேல் பிளாக் பிளாக்காக வீடுவரை கொண்டுவிடும் வழக்கத்தையும் ஏற்படுத்தினோம். அதன் பிறகு கூட்டம் தானாகக் கூடியது. தாய்மார்களிடம் படிப்பைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பற்றியும் தெளிவாகப் பேசுங்கள்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஆண்களுக்கும் 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் உள்ளது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா எங்கள் கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம் எங்கள் தெருக்களில் தகப்பன்மார்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என் பொண்ணும் கபடிக்குப் போகட்டும்" என்று அவர்களே வந்து சொன்னார்கள்.

கேள்வி (நன்கொடையாளர், கோயம்புத்தூர்): இருபது கணினிகள் தர விரும்புகிறோம். ஏற்பீர்களா?

பதில்: நன்றியுடன் நான்கை ஏற்போம். மீதிப் பணத்தை ஒருங்கிணைப்பாளரின் ஊதியமாக மூன்று ஆண்டுகளுக்குத் தர இயலுமா என்று கேட்போம். பொருளுக்குக் கொடுக்க முன்வருவோர் மனிதருக்குக் கொடுக்கத் தயங்குவது இத்துறையின் பெருங்குறை. பிள்ளைகளின் ஒளிப்படங்களைக் கேட்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள்.

கேள்வி (இளைஞர், பெரும்பாக்கம்): நேர்முகத் தேர்வில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. வேறு முகவரி கொடுக்கலாமா?

பதில்: தம்பி, பெரும்பாக்கமும் கண்ணகி நகரைப் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிதான், உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. எங்கள் பையன் ஒருவனை ஒரு நிறுவனத்தில் தேர்ந்தெடுத்துவிட்டு, முகவரியைக் கண்டதும் "பிறகு சொல்கிறோம்" என்று அனுப்பினார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. பொய் முகவரி பின்னால் சரிபார்ப்பில் சிக்கலாகிவிடும், வேண்டாம். உங்களை அறிந்த ஒருவர் முன்கூட்டியே நிறுவனத்துடன் பேசுவதுதான் பயன் தருகிறது. எங்கள் மையத்திலிருந்து வேலைக்குச் சென்று நல்ல பெயர் எடுத்தவர்கள், அடுத்தவனை அழைத்துப்போய் மேலாளரிடம் அறிமுகம் செய்கிறார்கள்.

கேள்வி (மைய ஒருங்கிணைப்பாளர், மதுரை): கஞ்சாப் பழக்கம் உள்ள பையனை விலக்கிவிடலாமா? மற்றவர்களின் பெற்றோர் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: விலக்காதீர்கள். போதையில் வரும் நாளில் உள்ளே அனுமதி இல்லை, மறுநாள் தெளிவாக வந்தால் கதவு திறந்திருக்கும் என்ற ஒரே விதியை அனைவருக்கும் பொதுவாக வையுங்கள். அவனைப் பழக்கியவர்கள் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். நீங்கள் தள்ளினால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் உள்ளது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பொட்டலம் கொடுத்து விற்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் அது உங்கள் கையை மீறிய விஷயம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் அன்றே தெரிவியுங்கள். பெற்றோரைத் தனித்தனியே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் எதிர்த்தவர்களில் பலர் வாசலில் உட்கார்ந்து பேசும்போது தம் வீட்டுக் கவலையையும் சேர்த்துச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி (பட்டதாரி இளைஞர், வியாசர்பாடி): தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, எங்களுக்கும் அதே விதிதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்தவர் புகாரளிப்பது கட்டாயம் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி (அதே ஓய்வுபெற்ற ஆசிரியர்): கோடை விடுமுறையில் மையத்தையும் மூடிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. பள்ளி மூடினால் சத்துணவும் நின்றுவிடும், வெயிலில் ஒற்றை அறை வீட்டில் இருக்கவும் முடியாது. நாங்கள் மே மாதம் முழுவதும் காலை பத்து மணிக்கே திறந்து, மதியம் எலுமிச்சைச் சோறோ சுண்டலோ கொடுக்கிறோம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவேன். தவறியவர்கள் வீட்டுக்குப் போகாமல் முதலில் இங்கேதான் வருவார்கள்.