90 லட்சம் யார் போட்ட கணக்கு?

கேள்வி: மத்திய கால ஐரோப்பாவில் சர்ச் 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்தது. இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அதை 50 ஆயிரம் என்று சுருக்கிவிட்டார்கள். கொலைகாரர்களைக் காப்பாற்றும் வேலைதானே இது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் எண்ணுக்கு எந்த ஆவணமும் இல்லை.

1784-இல் கோட்ஃப்ரீட் கிறிஸ்டியன் ஃபோக்ட் என்ற ஜெர்மானியர், தான் வாழ்ந்த க்வெட்லின்பர்க் ஊரின் பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டினார். சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம் இருக்கும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் சொல்லியிருந்தது அவருக்கு மிகக் குறைவாகப் பட்டது. தன் ஊரில் சில ஆண்டுகளில் நடந்த தண்டனைகளை எடுத்தார், நூற்றாண்டுகளால் பெருக்கினார், பிறகு ஐரோப்பா முழுமைக்கும் விரித்தார். 94,42,994 என்று விடை வந்தது. ஒரு சிறிய ஊரில் நடந்தது எல்லா ஊரிலும், எல்லாக் காலத்திலும் அப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஆனாலும் அது பரவியது. சர்ச்சின் எதிர்ப்பாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1893-இல் அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் எழுதினார். 1930-களில் நாஜி ஆதரவு எழுத்துகளிலும் வந்தது. ஜெர்மானிய இனப் பெண்களைச் சர்ச் அழித்தது என்று காட்ட நாஜித் தலைவர் ஹிம்லர் 1935-இல் ஒரு தனிக் குழுவையே அமைத்தார். ஆவணக் காப்பகங்களில் பல ஆண்டுகள் தேடிய அந்தக் குழு சேர்த்தது சூனிய வழக்குகளைக் குறித்துவைத்த சுமார் 33,000 அட்டைகள். நிரூபிக்கும் வெறியோடு தேடியவர்களுக்கே 90 லட்சம் கிடைக்கவில்லை. அந்த அட்டைகளைப் பிற்கால ஆய்வாளர்கள் பிழை நீக்கிப் பயன்படுத்தினார்கள்.

'மத்திய காலம்' என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் நூற்றுக்கணக்கானவர்கள் சூனியத்துக்காக எரிக்கப்பட்டதாக நெடுங்காலம் எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. அதற்கு ஆதாரம் 1829-இல் பிரெஞ்சு எழுத்தாளர் லாமோத்-லாங்கோன் எழுதிய ஒரு நூல். நார்மன் கோன், ரிச்சர்ட் கீக்ஹெஃபர் என்ற இரு வரலாற்றாய்வாளர்கள் 1970-களின் நடுவில், ஒருவரை ஒருவர் சாராமல், அந்த வழக்குகள் அவருடைய கற்பனை என்று கண்டுபிடித்தார்கள். பெரும் சூனிய வேட்டை நடந்தது 1560 முதல் 1630 வரை. அச்சுப் புத்தகம் வந்துவிட்ட, பல்கலைக்கழகங்கள் நிறைந்த ஐரோப்பா அது. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. இருண்ட காலத்து முட்டாள்கள் செய்தார்கள் என்று தள்ளிவிட முடியாது.

சரி, யார் செய்தது? பெரும்பாலான தீர்ப்புகளைத் தந்தவை ஊர் நீதிமன்றங்களும் அரசு நீதிமன்றங்களும். புகார் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் 1610-இல் லோக்ரோன்யோவில் 6 பேரை உயிரோடு எரித்தது. அதன் நீதிபதிகளில் ஒருவரான சலாசார் பிறகு மலைக்கிராமங்களுக்குப் போய் சுமார் 1,800 பேரை விசாரித்தார். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். ஒரு சூனியச் செயலுக்குக்கூட ஆதாரம் இல்லை என்றும், அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகுதான் அங்கே சூனியக்காரர்கள் வந்தார்கள் என்றும் மேலிடத்துக்கு எழுதினார். 1614-இல் மன்றம் தன் விதிகளை மாற்றியது, எரிப்பும் ஏறக்குறைய நின்றது. அதற்காகச் சர்ச்சுக்கு நற்சான்று கொடுக்க நான் தயாராக இல்லை. ஜெர்மனியின் பாம்பெர்க்கில் மிகக் கொடூரமாக வேட்டை நடத்தியவர் அந்தப் பகுதியை ஆண்ட பிஷப்தான்.

40 முதல் 60 ஆயிரம் பேர் என்பது ஊர் ஊராக வழக்குக் கட்டுகளைப் படித்து, காணாமல்போன கட்டுகளுக்கும் இடம் விட்டு வந்த மதிப்பீடு. ஏறக்குறைய பாதிப் பேர் ஜெர்மன் பேசும் நாடுகளில் இறந்தார்கள். முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். ஏன் அப்படி என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பெருக்கல் கணக்கிலிருந்து இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. இப்படி எண்ணுவதற்குப் பெயர் சுருக்குவதா?

பாம்பெர்க் மேயர் யோஹானஸ் யூனியுஸைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மனைவியை முன்பே கொன்றுவிட்டார்கள். 1628 ஜூலையில் சிறையிலிருந்து மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். குற்றமற்றவனாக வந்தேன், குற்றமற்றவனாக வதைபட்டேன், குற்றமற்றவனாகச் சாகப்போகிறேன் என்று அது தொடங்குகிறது. எதையாவது கற்பனை செய்தாவது ஒப்புக்கொள்ளுங்கள், இந்த வதையை உங்களால் தாங்க முடியாது என்று தண்டனை நிறைவேற்றுபவரே கெஞ்சியிருக்கிறார். யூனியுஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களும் வதைபட்டவர்கள்தான். சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அவரும் ஒரு கதையைச் சொல்லி ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் கொல்லப்பட்டார்.

அந்தக் கடிதம் இன்றும் பாம்பெர்க்கில் இருக்கிறது. இரண்டு கைகளும் முடமாகிவிட்டதால் எழுதி முடிக்கப் பல நாள் ஆயிற்று என்கிறார். யாருக்கும் காட்டாதே, சிறைக் காவலர்களின் தலை போய்விடும் என்கிறார். அப்புறம், இதைக் கொண்டுவருகிறவருக்கு ஒரு தாலர் காசு கொடுத்துவிடு என்று மகளுக்குச் சொல்கிறார்.