ஏழாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு: பிறப்பும் குடும்பமும் பணியும்

செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரிட்டிஷ் சமூகச் சீர்திருத்தவாதி ஏழாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு உழைக்கும் குழந்தைகளுக்காக ஏன் போராடினார் என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் அவருடைய இளமைப் பருவத்திலேயே இருக்கிறது என்று கருதுகிறேன்.

1801-இல் லண்டனில் பிறந்த அந்தோனி ஆஷ்லி கூப்பரிடம் (பிரபுவின் இயற்பெயர் இதுவே) பெற்றோர் அன்பு காட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் வீட்டில் வேலை பார்த்த மரியா மில்லிஸ் என்ற பெண்மணி. சிறுவனுக்குப் பிரார்த்தனை சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அவர் விட்டுச்சென்ற தங்கக் கடிகாரத்தைப் பிரபு தம் வாழ்நாளெல்லாம் அணிந்திருந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1826-இல் நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தார். பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வதைத் தடுத்த 1842-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சியால் வந்தது. 1846-இல், இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள் குறித்த விவகாரத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகியதால், அவர் பல்லாண்டு போராடிய பத்து மணி நேர வேலைச் சட்டத்தை மறு ஆண்டு அவையில் நிறைவேற்றும் பொறுப்பு மற்றொரு உறுப்பினரான ஜான் ஃபீல்டனைச் சேர்ந்தது. ஆனாலும் அதன் பெருமையில் பெரும்பங்கு ஷாஃப்ட்ஸ்பரிக்கே உரியது.

1830-இல் அவர் மணந்த எமிலி கூப்பர், பிற்காலப் பிரதமர் மெல்போர்ன் பிரபுவின் தங்கை மகள். எமிலியின் தாயார் விதவையான பின் பாமர்ஸ்டனை மறுமணம் செய்துகொண்டதால், இன்னொரு பிரதமரும் உறவானார். தம்பதியருக்குப் பத்துப் பிள்ளைகள். ஹாரோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன் ஃபிரான்சிஸ் 1849-இல் இறந்தது அவரை உலுக்கியது. 1851-இல் தந்தை மறைந்ததும் பட்டமும் பிரபுக்கள் அவை இடமும் அவருக்கு வந்தன. 1885-இல் அவர் காலமானபோது, அவர் விருப்பப்படியே, புகழ்பெற்றோர் அடக்கம் செய்யப்படும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அல்லாமல் சொந்த ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸில் அடக்கம் செய்தார்கள்.