துருக்கி மொழியில் காரணம் சொல்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 'ஏனென்றால்' என்பதற்கு 'ச்சுன்க்யூ' என்று படித்தேன். அது ஒன்றே போதுமா ஐயா?

பிழைத்துக்கொள்ளலாம். 'கெல்மெதிம், ச்சுன்க்யூ ஹஸ்தாய்தும்': வரவில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லை. பாரசீகத்திலிருந்து வந்த சொல். துருக்கியர்களும் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் காரணத்தை முதலில் சொல்லி வினையில் முடிப்பதே அந்த மொழியின் இயல்பான நடை, நம் மொழியைப் போலவே. 'ஹஸ்தா ஒல்தூம் இச்சின் கெல்மெதிம்': உடம்பு சரியில்லாததால் வரவில்லை. தமிழில் யோசித்தால் சொற்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

கேள்வி: அந்த 'ஒல்தூம்' தான் புரியவில்லை.

எல்லோரும் இடறும் படி இதுதான். நாம் 'நான் வந்ததால்', 'நீ வந்ததால்' என்று 'வந்ததால்' மாறாமல் சொல்கிறோம். துருக்கியில் வந்தது யார் என்பது வினையிலேயே ஒட்டிக்கொள்ளும்: நான் என்றால் 'கெல்தீம் இச்சின்', நீ என்றால் 'கெல்தீன் இச்சின்'. அந்தக் கடைசி மெய்யெழுத்தை விழுங்கினால் கேட்பவர் குழம்புவார். ஒரு சலுகையும் உண்டு: வந்ததால், வருவதால் இரண்டுக்கும் இதே வடிவம்.

கேள்வி: 'இச்சின்' என்றால் 'ஆக' என்றல்லவா அகராதியில் இருக்கிறது?

இரண்டும்தான். முன்னால் நிற்கும் வினையைப் பாருங்கள். 'தெனிஸி கொர்மெக் இச்சின் கெல்திம்' என்றால் கடலைப் பார்ப்பதற்காக வந்தேன். 'தெனிஸி கொர்தூம் இச்சின் செவின்திம்' என்றால் கடலைப் பார்த்ததால் மகிழ்ந்தேன். 'மெக்' வந்தால் நோக்கம்.

கேள்வி: 'உங்களால்' என்பதை எப்படிச் சொல்வது?

நல்லதற்கா, கெட்டதற்கா? இதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பழி என்றால் 'யூஸுன்தென்'. 'யூஸ்' என்றால் முகம். நன்றி என்றால் 'சாயெஸிந்தெ'. பாரசீகத்தில் 'சாயெ' என்றால் நிழல், வடமொழியின் 'சாயா'வுக்கு உறவு. ஒருவருடைய நிழலில் நின்று பெற்றது என்று பொருள்.

தொடக்கத்தில் என் வீட்டுக்கார அம்மாவிடம் நன்றி சொல்ல நினைத்து, 'உங்களால்தான் துருக்கி கற்றேன்' என்பதை 'யூஸ்' போட்டுச் சொல்லிவிட்டேன். 'அவ்வளவு பெரிய தப்பா செய்துவிட்டேன்?' என்று கேட்டுச் சிரித்தார். 'சாயெனிஸ்தெ' என்ற சொல் அன்றைக்கு மனதில் பதிந்தது.

கேள்வி: 'தியெ' என்று ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது.

எனக்குப் பிடித்த சொல். 'சொல்' என்னும் வினையிலிருந்து வந்தது. நம் 'என்று' பிறந்ததும் அப்படித்தான். 'சொஜுக் உஷுமெஸின் தியெ பென்ஜெரெயி கப்பத்தும்': குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று ஜன்னலை மூடினேன். 'கெச் கல்தும் தியெ கஸ்தி': நான் தாமதித்தேன் என்று கோபித்துக்கொண்டார். 'என்று' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

கேள்வி: 'ஏன்' என்பதற்கு மூன்று சொற்கள் எதற்கு?

'நெதென்' எதிலிருந்து, 'நிச்சின்' எதற்காக, 'நியெ' எதற்கு. 'நியெ' பேச்சில் அதிகம். மற்றபடி பெரிய வேறுபாடு இல்லை. 'நெதென்' காரணம் என்ற பெயர்ச்சொல்லாகவும் வரும். அரபியிலிருந்து வந்த 'செபெப்' அதனோடு கூடவே வாழ்கிறது.

கேள்வி: அறிவிப்புப் பலகைகளில்?

அங்கே 'நெதெனிய்லெ', அதாவது 'காரணமாக'. இஸ்தான்புல்லில் புயலடித்துப் படகுகள் நின்றால் 'ஹவா முஹாலெஃபெதி நெதெனிய்லெ' என்று அறிவிப்பார்கள். 'முஹாலெஃபெத்' என்றால் எதிர்ப்பு. நாடாளுமன்ற எதிர்க்கட்சிக்கும் அதே சொல்தான். வானிலையின் எதிர்ப்பு காரணமாகப் படகு இல்லை!