பார் லைசன்ஸை எதிர்க்க எத்தனை நாள் இருக்கிறது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுவரிசைக்குப் பின்னால் ஒரு பார். நள்ளிரவு தாண்டியும் கரவோக்கே. அதன் மது லைசன்ஸ் புதுப்பிக்கப்பட்டதாக மார்ச் 10 அன்று எங்களுக்குக் கடிதம் வந்தது. மறுபடியும் ஆட்சேபம் எழுதிப் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் காத்திருப்பதை நிறுத்துங்கள். லைசன்ஸ் முடிவை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்க வேண்டும். 2012 நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணை அதற்கு மூன்று மாதமே தருகிறது. உங்கள் இரண்டாவது கடிதம் அந்த நாள் கணக்கை நிறுத்தாது. ஜூன் முதல் வாரத்துக்குள் மனு பதிவாகிவிட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அவகாசம் தரலாம்; "பதில் வரும் என்றிருந்தோம்" என்பதை நம்பி இறங்காதீர்கள்.

எந்த லைசன்ஸ் என்பதையும் பாருங்கள். மது விற்க 1976 எக்சைஸ் சட்டப்படி ஒன்று, கரவோக்கேக்கு 1992 கூட்டரசுப் பிரதேசக் கேளிக்கைச் சட்டப்படி வேறொன்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பீர் அல்ல, ஸ்பீக்கர். கேளிக்கை லைசன்ஸே இல்லையென்றால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) அமலாக்கப் பிரிவில் புகார் கொடுப்பது வழக்கைவிடச் சுருக்கு வழி.

சங்கத்தின் பெயரில் நேராக வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். 1966 சங்கங்கள் சட்டப்படி, பதிவகத்தில் 'பொது அதிகாரி' என்று பதிந்த உறுப்பினரின் பெயரில்தான் சங்கம் வழக்காட வேண்டும். கூடவே, படுக்கையறை பாரைப் பார்த்திருக்கும் மூன்று நான்கு வீட்டுக்காரர்களைச் சேருங்கள். "பாதிக்கப்பட்டவர்" என்று காட்ட அவர்களே வலுவானவர்கள்.

சாட்சிக் கூண்டை எதிர்பார்க்காதீர்கள். இவ்வகை வழக்கு பெரும்பாலும் அஃபிடவிட்டிலேயே, அதாவது சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்திலேயே, முடியும். "தினமும் சத்தம்" என்று எழுதினால் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, எந்த அறையில் கேட்டது, போலீஸ் ரிப்போர்ட் எண் என்ன என்று எழுதுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டி கையெழுத்திடுகிறார் என்றால், தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டதைப் பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) அதிலேயே குறிக்க வேண்டும்.

வழக்கு நடத்த முதலில் அனுமதி பெற வேண்டும். அந்த விசாரணைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும். அனுமதி கிடைத்தாலே பார் மூடிவிடாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்க வேண்டும். பார் நல்லதா கெட்டதா என்று நீதிபதி பார்க்கமாட்டார். உங்கள் ஆட்சேபத்தை லைசன்ஸ் வாரியம் பரிசீலித்ததா, சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார். தோற்றால் செலவுத்தொகை உங்கள் தலையில் விழலாம்.

மூன்று மாதம் கடந்துவிட்டால், பார் உரிமையாளர்மீதே தொல்லை வழக்குப் போடலாம். அதற்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. லைசன்ஸ் இருக்கிறது என்பது சத்தத்துக்கு அனுமதி ஆகாது.