கிரியாட்டினின் நார்மல் என்று விட்டுவிடாதீர்கள்

12 வயது வீட்டுப் பூனை தண்ணீர் அதிகம் குடிக்கிறது, கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியது; ரத்தத்தில் அளப்பார்கள்) நார்மல், மதுரை வெயில்தான் காரணமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறுநீரகம் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் கிரியாட்டினின் ஏறும், அதிலும் வயதாகித் தசை கரைந்த பூனைக்கு இன்னும் தாமதமாகத்தான் காட்டும். எஸ்டிஎம்ஏ (SDMA) என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை அதைவிட முன்னாலேயே காட்டிக்கொடுக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த வசதி இல்லையா, சரி, முதலில் சிறுநீரின் அடர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்டு) பார்க்கச் சொல்லுங்கள்; திரும்பத் திரும்ப 1.035க்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாம். (எங்கள் கிழவிப் பூனையும் சித்திரை வெயிலில்தான் மாட்டினாள், மணல் தட்டில் சிறுநீர் பட்டுத் திரளும் மணல் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின.) அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு. தைராய்டு கூடியிருந்தால் சிறுநீரகக் கோளாறு ரத்தத்தில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.